பாதிக் கையில் ஒரு கேள்வி

ஊட்டி என்றதும் விளையாட்டு உலகத்துக்கு ஸ்னூக்கர் ஞாபகம் வரும். 1880-களில் அந்த ஆட்டத்தின் விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில்தான். அது துரைமார் ஆட்டம். தோட்டத்து லைன் வீடுகளில் நாங்கள் ஆடி வளர்ந்தது இருபத்தெட்டு. நான்கு பேரும் 32 சீட்டும் இருந்தால் போதும். ஒரு கை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எங்கள் ஊர் பந்தலூர்ப் பக்கம். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அப்பா இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஆட்டம் முன்னூற்றி நாலு. பக்கத்து லைனில் வயநாட்டுக்காரர்கள் ஆடியது இருபத்தெட்டு. மழை பிடித்துக்கொண்ட சாயங்காலங்களில் இரு கூட்டமும் ஒரே பாயில் உட்கார்ந்தபோது விஷயம் புரிந்தது: ஆட்டம் ஒன்றுதான், புள்ளிக் கணக்குதான் வேறு.

சீட்டுக்கட்டில் இரண்டு முதல் ஆறு வரை எடுத்துவிட வேண்டும். மீதியில் ஜாக்கிதான் பெரிது. அடுத்து ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஓர் இனத்துக்கு 7. நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. முன்னூற்றி நாலில் அதே வரிசைக்கு 30, 20, 11, 10, 3, 2. நான்கு இனத்துக்கும் கூட்டினால் 304.

எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நாலு சீட்டுதான் போடுவார்கள். அந்தப் பாதிக் கையைப் பார்த்தே, எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்க வேண்டும். குறைந்தது 14.

என் கையில் இஸ்பேட் ஜாக்கி, ஒன்பது, ஏழு, கூடவே ஆட்டின் ஏஸ் என்று வையுங்கள். எதிராளி பதினைந்து என்றால் நான் பதினாறு கேட்பேன். கேள்வி என்னிடம் நின்றால் இஸ்பேட் ஏழைக் கவிழ்த்து வைப்பேன். அதுதான் துருப்பு, என் கூட்டாளிக்கே தெரியாது. அதற்குப் பிறகே மிச்ச நாலு சீட்டு வரும். எட்டுப் பிடிகளில் நாங்கள் 16 புள்ளி எடுக்க வேண்டும். எதிராளிகள் 13 எடுத்துவிட்டால் கை போச்சு.

ஆட்டத்தின் உயிர் அந்தக் கவிழ்ந்த சீட்டில் இருக்கிறது. திறக்கும்வரை துருப்புக்கு வெட்டும் பலம் கிடையாது. எதிராளி கிளாவர் ஜாக்கியை இறக்குகிறார். என் கூட்டாளியிடம் கிளாவர் இல்லை. அவர் துருப்பைத் திறக்கச் சொல்லலாம். கையில் இஸ்பேட் இருந்தால் ஜாக்கியை வெட்டி மூன்று புள்ளியை அள்ளலாம். இல்லையென்றால் ரகசியத்தை எதிராளிக்கு வீணாகக் காட்டியதுதான் மிச்சம். நான் கேட்ட விதத்தை வைத்தே என் துருப்பை அவர் ஊகிக்க வேண்டும். அப்பா சொல்வார்: “தம்பி, வரப்போற நாலு சீட்டை நம்பிக் கேக்காத, எதிர்ல இருக்கிற ஆளை நம்பிக் கேளு.”

ஜாக்கியும் ஒன்பதும் மேலே ஏறும் வரிசையை டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் காணலாம். அங்கே துருப்பு இனத்துக்கு மட்டும் அது பொருந்தும். ஏஸுக்கு 11, பத்துக்கு 10 என்ற கணக்கும் அங்கே உண்டு. டச்சுக்காரர்கள் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் 1663-இல் கொச்சியையும் பிடித்தவர்கள். இந்த உறவு தற்செயலாக இருக்காது என்பது என் எண்ணம்.

சீட்டு என்றாலே வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. சம்பள நாளிலேயே கூலியை மங்காத்தாவில் விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் இருபத்தெட்டுக்குக் காசு வேண்டியதில்லை. எங்கள் பாயில் கணக்குக்குப் புளியங்கொட்டை வைப்போம். தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிவிடுவது மலையாளிகள் சேர்த்த வழக்கம்.

கையில் இருப்பதை அளந்து பேசவும், சொன்ன வாக்கைக் காப்பாற்றவும், கூட்டாளியை நம்பவும் பழக்கும் ஆட்டம் இது. பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு கையில் கற்றுக்கொள்வார்கள். வரும் விடுமுறையில் வீட்டிலிருக்கும் பழைய கட்டை எடுத்து, அவர்களோடு ஆடிப் பாருங்கள்.