மணம் முறிந்தது, கடன் முறியவில்லை

கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடன், பிரிந்த பிறகும் இருவர் தலையிலும் நிற்கிறது. எல்லைப்புறத் தமிழ்ப் பெற்றோர் கையில் இருக்கும் கடைசிச் சேமிப்பு வீட்டைக் காப்பாற்றுமா என்பது, அதை எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கேரளத்துப் பதிவு அலுவலகங்களில் ‘ஒழிமுறி’ என்றொரு ஆவணம் உண்டு. கூட்டுச் சொத்தில் தனக்குள்ள பங்கை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தருவது. தமிழ்நாட்டில் விடுதலைப் பத்திரம் என்பார்கள். தெற்குத் திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் மண உறவை முறித்துக்கொள்வதற்கும் இதே சொல்தான். ஜெயமோகன் கதை வசனத்தில் மதுபால் இயக்கி 2012-இல் வந்த மலையாளப் படத்தின் பெயரும் இதுவே. நிலத்துக்கும் ஒழிமுறி, மணத்துக்கும் ஒழிமுறி. வங்கிக் கடனுக்கு மட்டும் அப்படி ஒன்று இல்லை.

இது தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள் எங்கும் உண்டு. ஆனால் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களில் பிரச்னைக்கு இன்னொரு கனம் சேர்ந்துவிடுகிறது. இங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்பது வழக்கத்தில் இல்லாத ஒன்று. வேலை இருக்கும்வரை லயம். ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் வேறு யாராவது தோட்ட வேலையில் இருந்தால் தப்பலாம், இல்லாவிட்டால் மலை இறங்க வேண்டியதுதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதுதான், மூன்று நான்கு தலைமுறை உழைத்தும் இவர்களுக்குக் கால் சென்ட் நிலம்கூட இல்லை என்பது வெளியுலகுக்கு உறைத்தது.

ஆகவே படித்து, நர்ஸாகவோ ஆசிரியராகவோ கோயம்புத்தூரில் கணக்கராகவோ வேலைக்குப் போன மகள், கணவனோடு சேர்ந்து கடன் வாங்கிக் கட்டும் வீடு அவர்கள் இருவருக்கான வீடு மட்டுமல்ல. ஓய்வு பெறப்போகும் அப்பாவும் அம்மாவும் வந்து சேரப்போகும் இடமும் அதுதான். பாலக்காடு பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஊர்களில் லயம் இல்லை, கொஞ்சம் நிலமாவது உண்டு. ஆனால் அந்த நிலத்தை அடகு வைத்து மகனின் அல்லது மகளின் வீட்டைக் காப்பாற்றலாம் என்ற ஆசையும் கூடவே உண்டு. அது இன்னொரு ஆபத்து.

வங்கிக்கு வழக்கு தெரியாது

கூட்டாகக் கடன் வாங்கியவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். “என் பாதியை நான் கட்டிவிட்டேன்” என்ற பேச்சு அங்கே எடுபடாது. முழுவதையும் கட்டியவர், மற்றவரிடம் அவருடைய பங்கைக் கேட்டுத் தனியாக வழக்குப் போடலாம், அவ்வளவுதான். குடும்ப நீதிமன்றம் விவாகரத்துத் தீர்ப்பில் “வீடு மனைவிக்கு, கடனைக் கணவர் கட்ட வேண்டும்” என்று எழுதினாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பே அல்ல. கணவர் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் மனைவிக்கும் வரும், வீடும் போகும்.

குடும்ப வன்முறைச் சட்டம் (2005) பெண்ணுக்கு வீட்டில் வசிக்கும் உரிமை தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது. ஆனால் அது கணவர், அவரது உறவினர் ஆகியோருக்கு எதிரான உரிமை. கணவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அடமானம் வைத்திருக்கும் வங்கியை அந்த உத்தரவு தடுக்காது. இந்த வித்தியாசம் புரியாமல், கையில் கோர்ட் உத்தரவு இருக்கிறதென்று தவணையை நிறுத்துவதைவிடப் பெரிய அபாயம் இல்லை.

காகிதத்தில் ஒரு பெயர், கட்டுவது வேறொருவர் என்ற நிலை எங்கே கொண்டுவிடும் என்பதை இடுக்கி மாவட்டம் பார்த்திருக்கிறது. 2024 ஏப்ரலில் நெடுங்கண்டத்தில் ஜப்திக்கு அதிகாரிகள் வந்தபோது ஒரு பெண் தீக்குளித்து இறந்தார். முந்தைய உரிமையாளர் வாங்கியிருந்த கடனையும் சேர்த்தே அந்தக் குடும்பம் வீட்டை வாங்கியிருந்ததாகச் செய்திகள் வந்தன. அங்கே விவாகரத்து இல்லைதான். ஆனாலும் சிக்கலின் வேர் ஒன்றே.

ஐந்து வருடத்தில் கரைந்தது எவ்வளவு?

பிரியும்போது வரும் முதல் சண்டை “நான் எவ்வளவு போட்டேன்” என்பது. ஒரு கணக்கைப் பார்க்கலாம். 20 லட்ச ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். ஐந்து வருடத்தில் கட்டியது கிட்டத்தட்ட 10 லட்சத்து 80 ஆயிரம். அசலில் குறைந்ததோ சுமார் 2 லட்சத்து 26 ஆயிரம் மட்டுமே. மீதியெல்லாம் வட்டி. அந்த வட்டியை இத்தனை வருடம் குடியிருந்ததற்கான வாடகையாக நினைத்துக்கொள்வதே நியாயம். “கட்டியதில் பாதி 5 லட்சத்து 40 ஆயிரம், எடுத்து வை” என்று ஒருவர் கேட்டு, மற்றவர் மிரண்டு போய் வீட்டையே கைவிடுவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். பேச வேண்டியது வீட்டின் இன்றைய மதிப்பில் பாக்கிக் கடன் போக நிற்பது எவ்வளவு என்பதைப் பற்றி. தொடக்கத்தில் கைக்காசு போட்டவர் யார் என்பதைப் பற்றி.

இனிப் பெற்றோர் பக்கம். தோட்டத்தில் பணிக்கொடை என்பது ஒவ்வொரு வருட வேலைக்கும் 15 நாள் கூலி. நாள் கூலி 450 ரூபாய் என்றும் 35 வருட வேலை என்றும் வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 2 லட்சத்து 36 ஆயிரத்துச் சொச்சம். அப்பா, அம்மா இருவரும் தோட்டத்தில் இருந்தால் 4 லட்சத்து 72 ஆயிரம். வைப்பு நிதியில் கொஞ்சம் சேர்த்தால் 5 லட்சம். ஆயுள் உழைப்பின் மொத்த மிச்சம் இது.

இந்த 5 லட்சத்தை மாதாமாதம் தவணைக்கு எடுத்துக் கொடுத்தால் 28 மாதத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் கடன் 15 லட்சத்துக்கு மேல் நிற்கும், கணவரின் பெயரும் அதிலேயே நிற்கும். அதே பணத்தை மொத்தமாக அசலில் கட்டி, மீதி 15 வருடத்துக்குத் தவணையைக் குறைத்து நிர்ணயிக்கச் சொன்னால் மாதத் தவணை 12,900-க்கு இறங்கும். தனிநபர்களுக்குத் தந்த, மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது. தவணை குறைந்தால்தான் மகளின் தனிச் சம்பளத்தை மட்டும் பார்த்து, கணவரின் பெயரை நீக்கிக் கடனைப் புதுப்பிக்க வங்கி சம்மதிக்க வாய்ப்பு. பெற்றோரின் பணம் சாதிக்க வேண்டியது அந்த ஒரே ஒரு காரியம்தான்: காகிதத்திலிருந்து ஒரு பெயரை வெளியே எடுப்பது.

கணவரின் இடத்தில் அப்பாவைக் கூட்டுக் கடன்காரராகவோ ஜாமீன்தாரராகவோ போடச் சொல்லி வங்கி கேட்பதுண்டு. ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்புக்குச் சமமே என்று அதே ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. அறுபதைத் தொட்டவருக்கு வங்கி கடன் காலத்தைச் சுருக்கும், தவணை ஏறும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்பையும் சேர்த்து அடகு வைப்பதென்றால், ஒரு வீடு போகவிருந்த இடத்தில் இரண்டும் போகும். இந்த யோசனையை யார் சொன்னாலும் பெற்றோர் தலையாட்டாமல் இருப்பது நல்லது.

நகை இன்னொரு பணம். திருமணத்தில் போட்ட நகையைக் கணவர் அடகு வைத்திருந்தால் அதைக் கேட்டு வாங்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 89 பவுன் நகையை இழந்த பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் தரச் சொல்லி 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீதனம் மனைவியின் தனிச் சொத்து, கணவர் நெருக்கடியில் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். வீட்டுப் பேச்சுவார்த்தையில் இந்தப் பாக்கியையும் மேசைமேல் வைக்கலாம். நகைக்கு ஈடாக வீட்டுப் பங்கு என்பது பல இடங்களில் இரு தரப்புக்கும் ஒத்துவருகிற ஏற்பாடு.

அந்த ஆறு மாதம்

பரஸ்பர சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் இடையே ஆறு மாத இடைவெளி உண்டு. (தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.) சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எல்லோரும் பறக்கிறார்கள். வீடு விஷயத்தில் அந்த ஆறு மாதம்தான் வேலை நடக்க வேண்டிய காலம். வங்கியில் எழுத்து மூலம் விண்ணப்பம், பாக்கிக் கணக்கு, தனிப் பெயரில் கடன் அனுமதி, அதன்பின் ஒழிமுறி. மூல ஆதாரம் வங்கியிடம் இருப்பதால் வங்கி ஒப்பாமல் ஒழிமுறி எழுதுவதில் பயனில்லை. ஒழிமுறி மட்டும் எழுதிக் கடனில் பெயரை விட்டுவைத்தால், வீட்டில் பங்கில்லாத கணவர் தவணையைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். கடனில் பெயரை நீக்கிப் பத்திரத்தில் விட்டுவைத்தால், மகள் கட்டித் தீர்த்த வீட்டில் பிற்காலத்தில் அவர் பாதி கேட்பார்.

விவாகரத்துக்கு முன் எழுதுவதில் இன்னொரு லாபம் முத்திரைத் தீர்வை. குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குக் கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் சலுகை உண்டு. தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் கணவன் மனைவி அல்ல. சட்டத்தின் கண்ணில் குடும்பமும் அல்ல. பிறகு பங்கைக் கிரயமாகத்தான் வாங்க வேண்டும். கேரளத்தில் கிரயத்துக்குத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டின் பாதிப் பங்குக்கு 2 லட்சம் செலவு. அதாவது ஒருவரின் பணிக்கொடையில் பெரும்பகுதி. வீடு வாளையாறு தாண்டிக் கோவைப் பக்கம் இருந்தால் தமிழ்நாட்டு விதி. அங்கே குடும்ப விடுதலைப் பத்திரத்துக்குத் தீர்வையின் உச்சவரம்பு 2023 ஜூலையில் 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

கணவர் கையெழுத்துப் போடவே மறுத்தால் பாகப்பிரிவினை வழக்குத்தான். பிரிக்க முடியாத வீட்டை விற்றுத் தரும்படி ஒரு பங்காளி கேட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்பில் அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள மற்றவருக்கு 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வருடக்கணக்கில் இழுக்கும், ஆனால் வழி இருக்கிறது.

கொடுத்தவர்களின் கூரை

பெற்றோர் தங்கள் மிச்சத்தையெல்லாம் கொட்டிய பிறகு அந்த வீட்டில் அவர்களுக்கு என்ன பிடிப்பு? பெரும்பாலும் ஒன்றுமில்லை. மகளிடம் போய்க் காகிதம் கேட்பதா என்ற கூச்சம் இயல்பு. ஆனால் மகள் மறுமணம் செய்துகொள்ளலாம், வீட்டை விற்கலாம். 60 வயதைக் கடந்தவர் தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, அது மீறப்பட்டால் கொடுத்ததை ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் இடம் தருகிறது. அந்த நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பணத்தை ரொக்கமாகத் தராமல் தங்கள் கணக்கிலிருந்து நேரே கடன் கணக்குக்குச் செலுத்தி, இது எதற்காக என்று ஒரு பக்கம் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால், கணவர் பிற்காலத்தில் “அது நான் கட்டியது” என்பதற்கும் இடமிருக்காது. பெற்றோர் பிள்ளைக்குத் தரும் பணத்துக்கு வருமான வரி கிடையாது.

ஏற்கெனவே தவணை நின்றுபோயிருந்தால் நாள்களை எண்ண வேண்டும். 90 நாள் பாக்கியானால் வாராக் கடன். சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்குள் ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கினால் எர்ணாகுளத்தில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய 45 நாள். நோட்டீஸ் கணவரின் விலாசத்துக்குப் போய் அங்கேயே கிடப்பது நடக்கக்கூடியது. பிரிந்த மறுநாளே செய்ய வேண்டிய முதல் வேலை, விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் வங்கியில் தனியாகப் பதிவது. 2025-இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய, ஒரே வீட்டைக் காக்கும் மசோதா சிறு கடன்களுக்கானது. 20 லட்ச ரூபாய் வீட்டுக் கடன்காரர் அதை நம்பியிருக்க முடியாது.

வீட்டை விட்டுவிடுவதே நல்லதென்ற நிலையும் உண்டு. மகளின் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகுமென்றால், ஜப்திக்கு முன் இருவரும் கூடி நல்ல விலைக்கு விற்று, கடன் போக நின்றதைப் பிரித்துக்கொண்டு, பெற்றோரின் 5 லட்சத்தைத் தொடாமல் வைப்பது தோல்வி அல்ல. அந்தப் பணத்தில் தேனிப் பக்கமோ போடிப் பக்கமோ சிறிய வீட்டை ஒத்திக்கு எடுக்கலாம்.

எந்த முடிவுக்கும் முன் காகிதத்தைப் படித்தாக வேண்டும். இங்கேதான் எல்லைத் தமிழர்களுக்குத் தனிக் கஷ்டம். ஆதாரம் மலையாளத்தில், கடன் ஒப்பந்தம் ஆங்கிலத்தில், கையெழுத்து தமிழில். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே கொடுத்தது. வங்கி மேசையில் அது செல்லாது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கேட்கலாம் அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். ஜாமீன் படிவத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பதற்கும் அந்த வழக்கறிஞரைப் பயன்படுத்திக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாளே.