எழுதாமல் விட்ட ‘இல்லையென்றால்’

2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி சூன் என்ற பாட்டுக் கருவியை வைத்திருந்தவர்கள் அதை இயக்கிப் பார்த்தபோது, அது தொடக்கத் திரையிலேயே உறைந்து நின்றது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. ஒருவர் இருவருக்கு நேர்ந்ததல்ல. அந்த மாடல் முழுவதும் ஒரே நாளில் மடங்கியது. நிறுவனம் சொன்ன வைத்தியம் வேடிக்கையானது: பேட்டரி முழுவதும் தீரும்வரை விட்டுவிடுங்கள், ஜனவரி 1 அன்று, கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் ஏற்றுங்கள். அப்படியே செய்தார்கள். கருவி ஒன்றுமே நடக்காததுபோல் பாடத் தொடங்கியது.

காரணம் பாட்டில் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. உள்ளே இருந்த சில்லு தேதியை நாள், மாதம், ஆண்டு என்று வைத்திருக்கவில்லை. 1980 ஜனவரி 1 முதல் எத்தனை நாள் ஆயிற்று என்ற ஒரே எண்ணாக வைத்திருந்தது. அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் நிரல் இப்படிப் போகும்: மீதி நாள்கள் 365-க்கு மேல் இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய். இது லீப் ஆண்டு என்றால், மீதி 366-க்கு மேல் இருக்கிறதா என்று பார். இருந்தால் 366-ஐக் கழித்து அடுத்த ஆண்டுக்குப் போ. லீப் ஆண்டு இல்லையென்றால் 365-ஐக் கழித்து அடுத்த ஆண்டுக்குப் போ.

படிக்கும்போது குறையொன்றும் தெரிவதில்லை. ஆனால் 2008 லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366-வது நாள். மீதி சரியாக 366. அது 365-ஐவிடப் பெரியது, எனவே சுழற்சிக்குள் நுழை. லீப் ஆண்டுதான். 366-க்கு மேலா? இல்லை. அப்படியானால் என்ன செய்வது? அதற்கு விடை எழுதப்படவில்லை. ஒன்றும் செய்யாமல் சுழற்சியின் தலைக்குத் திரும்புகிறது, மீதி அதே 366, மறுபடி நுழைகிறது. மறுநாள் எண் 367 ஆனதும் கணக்கு தானாகவே சரியாகிவிட்டது. 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்த கருவி அது. பிறந்த பிறகு அது சந்தித்த முதல் லீப் ஆண்டின் கடைசி நாளில் மாட்டிக்கொண்டது.

எழுதிய நிபந்தனை எதுவும் தப்பில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. எழுதாத ஒன்றுதான் தப்பு. ‘இஃப்’ என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: இப்படி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. முதல் கேள்விக்குப் புரோகிராமர்கள் ஆவலோடு பதில் எழுதுகிறார்கள். இரண்டாவதை மறப்பது மிக எளிது. பெரும்பாலான மொழிகள் ‘எல்ஸ்’, அதாவது ‘இல்லையென்றால்’, எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் இல்லை.

ஒரு காலத்தில் கட்டாயம் இருந்தது. ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழு உருவாக்கி 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியின் ‘இஃப்’ விநோதமானது. ஒரு கணக்கைக் கொடுத்து, விடை பூஜ்யத்துக்குக் கீழே என்றால் எந்த வரிக்குப் போக வேண்டும், பூஜ்யம் என்றால் எங்கே, மேலே என்றால் எங்கே என்று மூன்று வரி எண்களையும் எழுதியாக வேண்டும். சூனின் கடிகாரத்தை அந்த பாணியில் எழுதியிருந்தால், மீதியிலிருந்து 366-ஐக் கழித்துவிட்டு மூன்று வழிகளையும் நிரப்ப வேண்டியிருக்கும். நடுவில் இருக்கும் பூஜ்யம்தான் தவறவிடப்பட்ட நாள். அதற்காக அந்தப் பழைய வடிவத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. வரி எண்களைத் துரத்தி மேலும் கீழும் ஓடிப் படிப்பது பெரும்பாடு. ஃபோர்ட்ரானின் 2018 தரநிலையில் அதை நீக்கியே விட்டார்கள்.

விடுபடுதல் ஒரு வகை என்றால், வரிசை மாறுவது இன்னொரு வகை. மதிப்பெண்ணைப் பார்த்துத் தரம் சொல்லும் நிரலை எடுத்துக்கொள்வோம். ‘35 அல்லது அதற்கு மேல் என்றால் தேர்ச்சி, அதுவும் இல்லாமல் 60 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் வகுப்பு’ என்று எழுதினால், ஒருவருக்கும் முதல் வகுப்பு கிடைக்காது. 92 வாங்கியவர்கூட முதல் கதவிலேயே ‘தேர்ச்சி’ என்று திருப்பி அனுப்பப்படுவார். குறுகிய நிபந்தனை முதலில், அகலமானது பிறகு: 60-ஐ முதலில் கேட்டு, அதில் நிற்காதவர்களை 35-க்கு அனுப்ப வேண்டும்.

லீப் ஆண்டு விதியும் இதே கதைதான். நாலால் வகுபட்டால் லீப். நூறால் வகுபட்டால் இல்லை. நானூறால் வகுபட்டால் மறுபடி லீப். 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை. நிரலில் நானூறை முதலில் கேட்டு, பிறகு நூறு, பிறகு நாலு என்று இறங்கினால் மூன்றே வரியில் முடிந்துவிடும். நாலோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாகக் கணக்கிட்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் அந்தப் பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் எக்செலில் 1900 பிப்ரவரி 29 என்ற, உலகம் பார்க்காத ஒரு நாள் இருக்கிறது.

வரிசை, நிரலை விழாமலும் காப்பாற்றும். சி, ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் ‘இதுவும் அதுவும் உண்மையா’ என்று கேட்டால், முதலாவது பொய் என்று தெரிந்ததுமே கணினி இரண்டாவதைத் தொடாது. ‘மாணவர் எண்ணிக்கை பூஜ்யம் இல்லை, மேலும் மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்தால் 60-க்கு மேல்’ என்பது பத்திரமான நிபந்தனை. இரண்டையும் இடம் மாற்றினால், ஆளில்லாத வகுப்பு ஒன்று வந்த நாளில் பூஜ்யத்தால் வகுத்து நிரல் விழும்.

மனிதக் கண்ணும் கணினியும் ஒரே வரியை இரண்டு விதமாகப் படிப்பதால் வரும் கேடு இவற்றைவிடப் பெரியது. 2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. வங்கித் தளம் உண்மையிலேயே வங்கித் தளம்தானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியில் வரிசையாகப் பல ‘இஃப்’கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும், பிழை என்றால் ‘ஃபெயில்’ என்ற இடத்துக்குத் தாவு என்று ஒரு வரி. ஓரிடத்தில் மட்டும் அந்த வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளி, பார்ப்பதற்கு ‘இஃப்’புக்குள் அடங்கியவை போலவே இருந்தன. ஆனால் நெளிவு அடைப்புக்குறி இல்லை. சி மொழியில் அடைப்புக்குறி இல்லாத ‘இஃப்’ தனக்கு அடுத்த ஒரே ஒரு கட்டளையைத்தான் ஆளும். இரண்டாவது தாவல் யாருக்கும் கட்டுப்படாமல், எப்போதும் நடந்தது. அதற்குப் பின்னால் இருந்த கடைசிச் சோதனை ஒருநாளும் ஓடவில்லை. அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால் ‘எல்லாம் சரி’ என்றே விடை திரும்பியது. நடுவில் நின்று ஒட்டுக்கேட்பவர் வங்கியாக நடிக்க வழி திறந்துகிடந்தது. மேக் கணினிகளுக்கான திருத்தம் நாலு நாள் கழித்து வந்தது.

கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968-இலேயே ‘கோடூ’ என்ற தாவல் கட்டளை ஆபத்தானது என்று எழுதியதை நினைவூட்டி, பலர் அதன்மேல் பழி போட்டார்கள். அது நியாயமில்லை. அந்த இடத்தில் ‘கோடூ’வுக்குப் பதிலாக வேறு எந்தக் கட்டளை இரட்டித்து நின்றிருந்தாலும், அடைப்புக்குறி இல்லாதவரை அதுவும் ‘இஃப்’பின் பிடிக்கு வெளியேதான் போயிருக்கும். ஒரு வரி என்றாலும் அடைப்புக்குறி போடு என்ற சலிப்பூட்டும் விதிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2016-இல் வந்த ஜிசிசி 6 தொகுப்பி (கம்பைலர்), உள்தள்ளல் ஒன்றும் பொருள் வேறொன்றுமாக இருக்கும் வரிகளைக் கண்டு எச்சரிக்கத் தொடங்கியது.

‘இஃப்’புக்குள் ‘இஃப்’ என்று அடுக்கிக்கொண்டே போவது அடுத்த தொல்லை. ஏடிஎம்மில் பணம் எடுக்கும் நிரலை அப்படி எழுதினால், அட்டை செல்லுமா, உள்ளே பின் எண் சரியா, அதற்குள்ளே கணக்கில் பணம் இருக்கிறதா, அதற்கும் உள்ளே இயந்திரத்தில் நோட்டு இருக்கிறதா என்று வரிகள் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். ‘அட்டை செல்லாது’ என்ற பதில், தன் கேள்வியிலிருந்து நாற்பது வரி தள்ளி, அடியில் எங்கோ கிடக்கும். இதையே தலைகீழாக எழுதலாம். அட்டை செல்லாதா? சொல்லிவிட்டு வெளியேறு. பின் எண் தப்பா? வெளியேறு. பணம் போதாதா? வெளியேறு. இத்தனையும் தாண்டி வந்தால் மிச்சம் இருப்பது ஒரே வேலை, பணத்தைக் கொடுப்பது. ‘எர்லி ரிட்டர்ன்’ என்று இதைச் சொல்வார்கள். ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே ‘ரிட்டர்ன்’தான் இருக்க வேண்டும் என்று பாடம் நடத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திறந்த கோப்பையும் பிடித்த நினைவகத்தையும் கையாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டிய மொழிகளில் அதற்கு அர்த்தம் இருந்தது. அந்த வேலையை மொழியே பார்த்துக்கொள்ளும் இடத்தில், படிப்பவரின் சிரமம்தான் மிச்சம்.

ஒன்றையொன்று சாராத பத்து ‘இஃப்’கள் இருந்தால் நிரல் போகக்கூடிய வழிகள் 1,024. அத்தனையையும் யாரும் சோதிக்கப்போவதில்லை. 1976-இல் தாமஸ் மெக்கேப் ஒரு நிரலின் கிளைகளை எண்ணி அதன் சிக்கலுக்கு மதிப்பெண் போடும் முறையை வெளியிட்டார். ஒரு ஃபங்ஷனுக்கு உச்சவரம்பாக அவர் சொன்ன எண்ணும் பத்துதான்.

நிபந்தனையை மறுத்து எழுதும்போது வரும் குழப்பத்துக்கு மதுரைக்காரர் ஒருவரிடம் போக வேண்டும். அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தார்; அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குப் போய், லண்டனில் கணிதப் பேராசிரியரானவர். எந்திரத்துக்கான நிரல்வரிசை ஒன்றை 1843-இல் வெளியிட்ட அடா லவ்லேஸுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. எதிர்மறை நிபந்தனைகளைக் கையாளும் இரண்டு விதிகள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன.

அவற்றின் தேவை இப்படி எழும். கண்காட்சி ஒன்றில் மூத்த குடிமக்களுக்கும் மாணவர்களுக்கும் பாதிக் கட்டணம். மற்றவர்களுக்கு முழுக் கட்டணம். அவசரத்தில் ஒருவர் ‘மூத்த குடிமகன் இல்லை அல்லது மாணவர் இல்லை என்றால் முழுக் கட்டணம்’ என்று எழுதுகிறார். எழுபது வயதுத் தாத்தா வருகிறார். அவர் மாணவர் இல்லை. எனவே முழுக் கட்டணம். கல்லூரி மாணவி வருகிறாள். அவள் மூத்த குடிமகள் இல்லை; அவளுக்கும் முழுக் கட்டணம். டி மார்கனின் விதிப்படி, ‘அல்லது’ என்று இணைந்த இரண்டை ஒட்டுமொத்தமாக மறுத்தால், உள்ளே போகும்போது அது ‘மேலும்’ ஆகிவிடும்: மூத்த குடிமகன் இல்லை, மேலும் மாணவரும் இல்லை. இதைவிட நல்ல வழி, மறுப்பையே தவிர்ப்பது. ‘சலுகை உண்டா’ என்று ஒரு பெயர் வைத்து, ‘மூத்த குடிமகன் அல்லது மாணவர்’ என்று அதற்கு நேராகவே பொருள் கொடுத்துவிட்டு, சலுகை உண்டென்றால் பாதி, இல்லையென்றால் முழுது என்று எழுதினால் விதியே தேவைப்படாது.

மனிதக் கவனத்தை மட்டும் நம்பாமல் மொழியையே கண்டிப்பாக்கும் போக்கு கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வலுத்திருக்கிறது. 2015-இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட் மொழியில், பல வகைகளில் ஒன்றைத் தேர்ந்து செயல்படும் ‘மேட்ச்’ பகுதியில் ஒரு வகை விடுபட்டாலும் நிரல் தொகுக்கப்படாது. 2014 ஜூனில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஸ்விஃப்ட் மொழியில் ‘இஃப்’புக்கு நெளிவு அடைப்புக்குறி கட்டாயம், ‘ஸ்விட்ச்’சில் எல்லா வகைகளுக்கும் பதில் இருந்தாக வேண்டும். அந்த மொழியின் வேலை 2010-லேயே தொடங்கிவிட்டதால், நாலு மாதம் முன்பு வெளிப்பட்ட ஐபோன் பிழைக்குப் பிராயச்சித்தமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த ஆண்டு அதன் இரண்டாம் பதிப்பில் ‘கார்ட்’ என்ற கட்டளையையும் சேர்த்தார்கள். அதில் நிபந்தனை பொய்த்தால் என்ன செய்வது என்பதை எழுதாமல் இருக்க முடியாது. எழுதினாலும் அங்கிருந்து வெளியேறுவதாக எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தொகுப்பி மேலே விடும்.