விழுந்த பின்னும் ஒரு வித்தை

சண்டையில் கீழே விழுந்தவர் தோற்றவர் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். எமது கிழக்கிலங்கையில் பரம்பரையாகப் பழகிவரும் சீனடியும் சிலம்பமும் நின்று ஆடும் கலைகளே. ஆனால் ஜப்பானியக் கலையான ஜூடோவில், விழுந்த பிறகு தொடங்கும் தனிப்பாடம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'நேவாசா'. கிடந்தபடி செய்யும் நுட்பம் என்பது பொருள். அதைப் பற்றி வாசித்தபோது, பெண்பிள்ளைகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது என்று எனக்குத் தோன்றியது.

இதன் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. கவசம் அணிந்த சாமுராய் வீரனைக் கையால் குத்திப் பயனில்லை. வாளை இழந்தவன் எதிரியைக் கட்டிப்பிடித்து வீழ்த்தி, எழவிடாமல் அமுக்க வேண்டியிருந்தது. இத்தகைய பிடிகளிலிருந்து 'ஜுஜுட்சு' என்ற கலை வளர்ந்தது. அதன் இரு பிரிவுகளைக் கற்ற ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர், 1882இல் டோக்கியோவில் கொடோக்கான் பள்ளியை நிறுவி ஜூடோவை உருவாக்கினார். பின்னர் 1914 முதல் ஜப்பானிய உயர்பாடசாலை மாணவர்களின் போட்டிகளில் நிலப்பிடிகள் பெரிதும் வளர்ந்தன. எறியும் நுட்பம் கைவரப் பல ஆண்டுகள் செல்லும். நிலப்பிடிகளையோ குறுகிய காலத்தில் பழகலாம் என்று அம்மாணவர்கள் கண்டுகொண்டனர்.

நேவாசாவில் மூன்று வகைகள் உள்ளன. எதிராளியை மல்லாத்தி அமுக்கிப் பிடிப்பது ஒன்று. இன்றைய போட்டியில் 20 விநாடிகள் பிடித்து வைத்தால் முழு வெற்றி. கழுத்தை இறுக்குவது இரண்டாவது. முழங்கை மூட்டை மடக்குவது மூன்றாவது.

மெலிந்தவர் பருத்தவரை எப்படி அமுக்க முடியும்? எமது வாவியில் தோணி ஆடும்போது எழுந்து நிற்பவரே முதலில் சரிவார், குந்தியிருப்பவர் தப்பிவிடுவார். அதே கணக்குத்தான் இங்கும். உடலைத் தாழ்த்தி, முழங்கால்களை அகட்டி, பாரம் முழுவதையும் எதிராளியின் நெஞ்சின்மேல் இறக்கினால், அவருடைய பலத்தில் பாதி வீணாகிவிடும். கீழே இருப்பவருக்கும் வழி உண்டு. இடுப்பை நகர்த்தி இடைவெளி உண்டாக்கி, அதில் முழங்காலை நுழைத்து விடுபடலாம்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறிய விதி. தாங்க முடியாதவர் கையால் இருமுறை தட்டினால், மற்றவர் அந்தக் கணமே பிடியை விட வேண்டும். 'போதும்' என்ற சொல்லை மதிப்பதே இங்கு முதல் ஒழுக்கம்.

"இது பெண்களுக்கு ஏற்றதா?" என்று பெற்றோர் கேட்கலாம். கொடோக்கானில் 1926இலேயே பெண்களுக்குத் தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. 1992இல் பெண்கள் ஜூடோ ஒலிம்பிக்கில் முழுமையாக இடம்பெற்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் வுஜ்தான் ஷஹர்கானி, 16 வயதில், தலையை மறைத்தபடி களமிறங்கினார். கழுத்தை இறுக்கும் பிடிகளின்போது துணியால் ஆபத்து நேரலாம் என்று சர்வதேச ஜூடோ சம்மேளனம் முதலில் தயங்கியது. பேச்சுவார்த்தைக்குப் பின் இறுக்கமான தலையுறைக்கு அனுமதி கிடைத்தது. அவருடைய போட்டி 82 விநாடிகளில் தோல்வியில் முடிந்தது. ஆயினும் பாதுகாப்பும் மார்க்க ஒழுக்கமும் ஒன்றாகச் செல்ல முடியும் என்பதை உலகம் கண்டது.

கழுத்துப்பிடியும் மூட்டுமடக்கும் விளையாட்டல்ல. காணொளி பார்த்து வீட்டில் தங்கையிடம் முயன்று பார்க்கக் கூடாது. தகுதியான பெண் பயிற்றுநர், மறைவான இடம், தடித்த மெத்தை ஆகியவை வேண்டும். இவற்றை எமது பிரதேசத்தில் அமைத்துத் தருவது பற்றிப் பெரியோர் சிந்திக்க வேண்டும். விழாமல் நடக்கப் பழக்கியவர்கள் நம் பெற்றோர். விழுந்தால் அஞ்சாமல் எழவும் நாம் பழகுவோமாக!