இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்தல்ல

"நாள் பூரா வயல்ல உழைக்கிறோம். எங்களுக்கு எதுக்குங்க தனியா உடற்பயிற்சி?" இடுப்பு வலி பற்றிப் பேச்செடுத்தால் உழவர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு.

நடவிலும் களையெடுப்பிலும் மணிக்கணக்கில் குனிந்தே நிற்கிறோம். மூட்டையை ஒரே தோளில் ஏற்றுகிறோம். கை கால் உரமேறுகிறது. முதுகெலும்பைச் சுற்றி நின்று தாங்கும் வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள் அதே அளவு வலுப்பெறுவதில்லை. அவை களைத்துப்போனால் பாரம் முதுகெலும்பின் மூட்டுகளுக்கும் தட்டுகளுக்கும் கூடுகிறது. வலி வந்ததும் படுத்துவிடுகிறோம். படுக்கப் படுக்கத் தசை மெலிகிறது, மூச்சுத் திறன் குறைகிறது. பிறகு சின்ன வேலைக்கே இடுப்பு பிடிக்கிறது.

உப்பு உரம் போட்டால் பயிர் பச்சை கட்டும், மண் வளமாகாது. வலி மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான். 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கென உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான உடற்பயிற்சியை அது பரிந்துரைக்கிறது. பெல்ட்டையும் இழுவை சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது.

நடையின் பலனுக்கு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று சான்று. வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2024இல் வெளியானது. படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுமட்டமாக 208 நாள் ஆனது. செய்யாதவர்களுக்கு 112 நாள்.

தசைக்கான வழி சென்னையிலேயே இருக்கிறது. கட்டடப் பொறியியல் படித்த தேசிகாச்சார், தன் தந்தை கிருஷ்ணமாச்சார்யாவின் பெயரில் 1976இல் தொடங்கிய யோக மந்திரம் மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளியில் இயங்குகிறது. எல்லோருக்கும் ஒரே பாடம் என்பது அங்கே கிடையாது. ஆளின் வயது, வேலை, வலியைப் பார்த்து, மூச்சோடு சேர்ந்த அசைவுகளாகக் கற்றுத் தருவது அவர்கள் முறை. மண்ணைப் பார்த்துப் பயிர் வைக்கும் நமக்கு இது புதிதல்ல.

நாம் செய்யக்கூடியது:

நடை: வலி கூடாத அளவில் 10 நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டி, 30 நிமிடம், வாரம் 5 நாள் என்று கொண்டுவாருங்கள். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். நகரத்தில் நாகேஸ்வரராவ் பூங்காவோ பெசன்ட் நகர் கடற்கரையோ, ஊரில் ஏரிக்கரை.

தசை: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்தபடி இடுப்பை மெல்ல உயர்த்தி, விட்டபடி இறக்குங்கள். பிறகு கை, முழங்கால் ஊன்றி முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்துங்கள். தலா 6 முறையில் தொடங்கலாம்.

வேலை: அரை மணிக்கொரு தடவை நிமிருங்கள். ஒற்றை நாற்று நடவில் கோனோவீடரை நின்றபடியே தள்ளலாம். அறுவடை மூட்டையைச் சிறிதாகக் கட்டுங்கள்.

காலில் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, விழுந்தபின் வலி வந்தாலோ பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.