அடித்தளக் குழியும் நிலத்தடி நீரும்

சென்னை நங்கநல்லூரில் பழைய தனிவீடுகள் இருந்த மனைகளில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுகின்றன. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அடித்தளத்திற்குக் குழி தோண்டினால் நீர் ஊறுவதுண்டு.

ஊறும் நீரைக் குழிக்குள்ளிருந்தே இறைத்தால் போதாதா? மணற்பாங்கான நிலத்தில் அதுவே ஆபத்தாகும். வெளியிலுள்ள நீர் குழியின் அடிவழியே மேல்நோக்கிப் பாயும்போது மணல் துகள்கள் பிடிப்பிழந்து, தரை கொதிப்பதுபோல் கிளர்ந்தெழும், பக்கங்களும் சரியும். எனவே, குழியைச் சுற்றிலும் துளையிட்ட குழாய்களை இறக்கி, எக்கியால் நீரை உறிஞ்சி, தோண்டும் ஆழத்திற்குக் கீழே நீர்மட்டத்தை முன்கூட்டியே தாழ்த்துவர். தரைமேல் வைத்த எக்கி ஏறத்தாழ 5 அல்லது 6 மீட்டர் ஆழம் வரையே நீரை இழுக்கும். அதற்கும் கீழே செல்ல நீர்மூழ்கி எக்கி பொருத்திய ஆழ்கிணறுகள் வேண்டும்.

நங்கநல்லூருக்கு அருகிலுள்ள வேளச்சேரியில், 2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் மழையின்போது ஆழமான கட்டுமானக் குழியின் ஓரம் சரிந்தது. இருவர் குழியில் சிக்கி உயிரிழந்தனர். அன்று குழியில் நிறைந்தது மழைவெள்ளம். ஆயினும், நீரேறிய மண் வலுவிழக்கும் என்பது நிலத்தடி நீருக்கும் பொருந்தும்.

அளவின்றி இறைப்பதும் தீங்கே. நீர் விலகிய களிமண் இறுகித் தாழும், அண்டை வீட்டுச் சுவர்களில் விரிசல் விழும், கிணறுகள் வற்றும். இறைப்பதை உரிய காலத்திற்கு முன்பே நிறுத்தினாலோ, மேல்தளங்களின் சுமை ஏறாத நிலவறை, மீண்டு உயரும் நீரின் உந்துதலால் படகுபோல் மேலெழக்கூடும்!

மழைநீர் சேகரிப்பை 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கிய மாநிலத்தில், இறைத்த நீரை வடிகாலில் விடுவது முரணன்றோ? வண்டலைப் படியவிட்டு, அந்நீரை அண்டை வீடுகளின் பக்கம் அமைத்த மீள்நிரப்புக் கிணறுகளில் செலுத்தினால், அங்கு நீர்மட்டம் சரிவதும் நிலம் தாழ்வதும் குறையும்.