பழைய காருக்கு ஐந்தாவது டயர்

விண்டேஜ் காருக்கு ஸ்டெப்னி டயர் வாங்கும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நான்கு டயர்களே பாதி முடிவை எடுத்துவிடுகின்றன. அளவு, உள்கட்டமைப்பு, தாங்கும் எடை மூன்றும் ஐந்தாவதிலும் அப்படியே இருக்க வேண்டும். இன்றைய கார்களில் வரும் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி, அடுத்த பஞ்சர் கடைவரை மெதுவாக ஓட்டிச் செல்வதற்கு மட்டும் ஆனது. பழைய காரின் நிலைமை வேறு. கெட்டுப்போன டயருக்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வந்துசேர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை ஐந்தாவது டயர்தான் முழுநேரமும் ஓடியாக வேண்டும்.

தொடக்ககால மோட்டார் கார்கள் ஸ்டெப்னி இல்லாமலே விற்கப்பட்டன. சக்கரத்தைக் கழற்ற முடியாது. பஞ்சரானால் சாலையோரத்திலேயே டயரை நெம்பியெடுத்து டியூபை ஒட்ட வேண்டும். 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் அதைக் கவ்விகளால் இறுக்கினால் வண்டி மேலே ஓடும். சக்கரத்தையே கழற்றும் வசதி பிற்பாடு பரவியதும் அந்தக் கருவி மறைந்துபோனது. அதன் பெயர் மட்டும் நம் ஊர் டிக்கிகளில் தங்கிவிட்டது.

அளவு எழுதும் முறை காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எண்ணைப் படிப்பதே முதல் வேலை. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரின் பின்சக்கர டயரில் 30 × 3½ என்றிருக்கும். 30 அங்குலம் டயரின் மொத்த விட்டம். 3½ அங்குலம் அதன் அகலம். ரிம்மின் விட்டம் எழுதப்பட்டிருக்காது. மொத்த விட்டத்திலிருந்து அகலத்தின் இரு மடங்கைக் கழித்தால் 23 அங்குலம் என்று தெரியவரும். அதே காரின் முன்சக்கரத்தில் நெடுங்காலம் 30 × 3 டயர் இருந்தது. அதற்கு ரிம் 24 அங்குலம். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே உயரம், ஆனால் முன்டயர் பின்னே ஏறாது. இப்படிப்பட்ட வண்டிக்கு ஒரே ஸ்டெப்னி போதும் என்று நினைப்பது தவறு. ஒவ்வோர் அளவிலும் ஒரு டியூப், டயர் நெம்பும் கம்பிகள், ஒட்டுப் பொருள்கள் ஆகியவற்றை வண்டியில் வைத்துக்கொள்வதே நடைமுறை. 1919க்குப் பிறகு கழற்றக்கூடிய ரிம்முடன் நான்கிலும் 30 × 3½ டயர் பூட்டிய மாடல் டி கார்களும் வந்தன. அவற்றுக்கு ரிம்மில் மாட்டிய ஒரே டயரைத் தயாராக வைத்திருந்தால் போதும். முழுச் சக்கரம் தேவையில்லை.

இந்தப் பழைய டயர்களின் விளிம்பு வெறும் ரப்பர் கொக்கி போன்றது. உள்ளே கம்பி வளையம் கிடையாது. வளைந்த ரிம்முக்குள் காற்றழுத்தத்தால்தான் அது பிடித்து நிற்கிறது. ஆகவே ஏறத்தாழ 60 பவுண்டு காற்று வேண்டும். குறைந்தால் டயர் கழன்று வந்துவிடும். கம்பி விளிம்பு கொண்ட பிற்காலத்து டயரை இந்த ரிம்மில் ஏற்றக் கூடாது.

1920களில் அகலமான, குறைந்த அழுத்தத்தில் ஓடும் டயர்கள் வந்ததும் எழுதும் முறை தலைகீழானது. 4.50-21 என்றால் அகலம் நான்கரை அங்குலம், ரிம் 21 அங்குலம். அம்பாசிடரின் 5.90-15, ஃபியட் பத்மினியின் 5.20-14 ஆகியவையும் இதே குடும்பம்தான். இவையெல்லாம் கிராஸ்-பிளை டயர்கள்: உள்ளே துணி இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஓடும். மிஷலின் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும். தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே கெட்டியான பட்டை இருக்கும். பக்கச் சுவர் நெகிழும், தடம் தட்டையாக நிற்கும். வளைவில் இந்த இரு வகை டயர்களும் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

கிராஸ்-பிளைக்குப் பதிலாக ரேடியல் போட விரும்புகிறவர்கள் அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றி, அந்த எண்ணுள்ள டயரைத் தேடுவது உண்டு. 5.90 அங்குலம் 150 மி.மீ. ஆனால் அதற்கு நிகராகக் கொள்ளப்படும் ரேடியல் 165R15. காரணம் உயரம். பழைய கிராஸ்-பிளையின் பக்கச் சுவர் அதன் அகலத்தில் ஏறத்தாழ 95 சதவீத உயரம் கொண்டது. பழைய பாணி ரேடியலில் அது 82 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கணக்குப் போட்டால் 5.90-15இன் மொத்த விட்டம் சுமார் 666 மி.மீ., 165R15இன் விட்டம் சுமார் 651 மி.மீ. வித்தியாசம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். 150 மி.மீ. அகல ரேடியல் போட்டிருந்தால் 6 சதவீதம் குட்டையாகியிருக்கும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், எஞ்சின் தேவைக்கு மேல் சுழலும்.

நான்கும் கிராஸ்-பிளையாக இருக்கும் காரில் ஸ்டெப்னி மட்டும் ரேடியல் என்பது, சிக்கனம் பார்த்து அடிக்கடி செய்யப்படும் ஆபத்தான காரியம். ஒரே அச்சின் இரு முனைகளிலும் இரு வகை டயர் இருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்னச்சில் அளவும் வேறுபட்டால், நேர்சாலையில்கூட டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் ஓய்வில்லாமல் வேலை செய்து தேயும். பிரிட்டனில் ஒரே அச்சில் இரு வகையையும் கலப்பது சட்டப்படி குற்றம். முன்னே ரேடியலும் பின்னே கிராஸ்-பிளையும் போடவும் அங்கே தடை இருக்கிறது: முன்பக்கம் இறுகப் பிடிக்க, பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். முன்னே கிராஸ்-பிளை, பின்னே ரேடியல் என்ற ஏற்பாட்டுக்கு அனுமதி உண்டு. ஆனால் அப்படிப் போட்ட காரில் ஒரே ஸ்டெப்னி எந்த அச்சுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஐந்தும் ஒரே வகை என்பதே தலைவலி இல்லாத வழி.

எடை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பக்கச் சுவரில் 4 பிளை, 6 பிளை என்றோ எடைக் குறியீட்டு எண்ணாகவோ குறித்திருக்கும் திறன், மற்ற நான்கைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. அளவு ஒத்துப்போகிறது என்று சரக்கு வேன் டயரை வாங்கினால் எடையைத் தாங்கும்; ஆனால் விறைப்பாக இருப்பதால் ஓட்டம் மற்ற மூன்றோடு ஒட்டாது.

பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் வயதுதான். கிடங்கில் பல்லாண்டு கிடந்த, ஒருநாளும் ஓடாத அசல் காலத்து டயர், பூக்கள் தேயாமல் பளபளப்பாக இருப்பதால் புதையலாகத் தெரியும். ரப்பர் ஓடாமலே முதுமையடையும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதைக் கெட்டிப்படுத்தி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்; வெயில் பட்டால் இன்னும் வேகமாக. 2000ஆம் ஆண்டு முதல் வந்த டயர்களில் நான்கிலக்கத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தியது, யோசிக்காமல் ஒதுக்கிவிடலாம். பத்து வயதைத் தாண்டிய டயர், தடம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், கண்காட்சி மேடைக்குத்தான் ஏற்றது. ரீட்ரெட் செய்த பழைய டயரும் அப்படியே. மேலே புதுத் தடம் ஒட்டினாலும் உள்ளிருக்கும் துணி இழைக்கு இளமை திரும்புவதில்லை.

பழைய வடிவத்திலேயே புதிதாக வார்த்த டயர்கள் இன்று கிடைக்கின்றன. அமெரிக்காவின் சட்டனூகா நகரிலுள்ள கோக்கர் நிறுவனம் ஃபயர்ஸ்டோன், பி.எஃப். குட்ரிச் போன்ற பழைய பெயர்களில் இவற்றை விற்கிறது; மிஷலினும் தன் பழைய வகைகள் சிலவற்றை இன்றும் தயாரிக்கிறது. விலை கூடுதல்தான். ஆகவே நான்கு டயர்களை மாற்றும்போதே ஐந்தாவதையும் சேர்த்து வரவழைப்பது நல்லது. இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் அந்த அளவு கையிருப்பில் இல்லாமல் போகலாம். வெள்ளைப் பட்டை டயர் என்றால் பட்டையின் அகலமே வேறுபடலாம்.

டயரோடு டியூபும் புதிதாக இருக்க வேண்டும். கம்பி ஆரக்கால் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியின் முனையும் காற்றுக்கு ஓட்டை. ரிவெட் அடித்த ரிம்மிலும் காற்று கசியும். இவற்றில் டியூப்லெஸ் ஓட்ட முடியாது. டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடுவதானால், உட்சுவரில் ஒட்டியிருக்கும் காகித லேபிளைக் கிழித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த உரசலே பஞ்சர் ஆகும்.

அடுத்தது இடம். மட்கார்டில் குழித்து அமைத்த பக்கவாட்டுப் பள்ளமோ, மாரிஸ் மைனரில் உள்ளதுபோல டிக்கித் தரைக்குக் கீழான பெட்டியோ, அந்தக் காலத்து ஒடுங்கிய டயரை அளந்து செய்தவை. சற்றே அகலமான ரேடியல் காற்றடைத்ததும் உள்ளே போகாது. வாங்குமுன் அந்த இடத்தை அளப்பது ஐந்து நிமிட வேலை. வெளியே நிற்கும் ஸ்டெப்னிக்கு உறை அவசியம். வருடம் முழுக்க வெயில் தின்பது அதைத்தான்.

காற்றைப் பொறுத்தவரை, இரண்டு அச்சுகளில் எதற்கு அதிக அழுத்தம் தேவையோ அதை ஸ்டெப்னியில் நிரப்பி வைப்பது வழக்கம். தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாம், சாலையில் ஏற்றத்தான் முடியாது. 1960களின் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பீய்ச்சியதே ஸ்டெப்னியின் காற்றுதான். அந்தக் காரில் மாதாமாதம் அளந்து பார்க்காவிட்டால் கண்ணாடியும் கழுவாது, பஞ்சரின்போது டயரும் உதவாது.

கடைசிச் சோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம். ஸ்டெப்னியை முன்னும் பின்னும் ஒருமுறை மாட்டி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, எங்கும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரே நட்டு கொண்ட சக்கரமானால், அதை எந்தப் பக்கமும் மாட்டலாம். ஆனால் நட்டு இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் எதிரெதிர் மரை கொண்டது, இடம் மாறக் கூடாது. டயர் முழுக்க இறங்கிய நிலையில் அச்சுக்கு அடியில் ஜாக்கி நுழைகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.