வாடகைக்கு விட வீடு வாங்குமுன்...

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பார்கள் நம் பெரியவர்கள். "வீட்டை வாடகைக்கு விட்டுப்பார்" என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தோட்டத்து வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆகவே கைக்கு வரும் சேமநிதிப் பணத்தில் ஒரு வீடு வாங்கிப் போட்டால் மாதந்தோறும் வாடகை வருமே என்று பலர் எண்ணுகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால், அந்தப் பணம் வாழ்நாளில் ஒரே முறை வருவது. அதை இறக்குமுன் நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரின் அனுபவத்தைச் சற்றுப் பாருங்கள்.

தேக்காவுக்குப் போகும்போது சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். இவற்றுக்கு உரிமையாளராய் இருந்தால் யோகம் என்று தோன்றும். ஆனால், 1947-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதற்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1939-ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்தி வைத்தது. விலைவாசி ஏறியது, வாடகை ஏறவில்லை. ஓடு மாற்றக்கூட வருமானம் போதாமல் பல கட்டடங்கள் பாழடைந்தன. ஏழைக் குடித்தனக்காரர்களுக்கோ அதுவே நிழலாயிற்று. 2001-ல்தான் அச்சட்டம் நீங்கியது. வீடு நம்முடையதாயினும் வாடகையைச் சட்டமும் நிர்ணயிக்கலாம் என்பது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கேலாங்கில் கிடைக்கிறது. அங்கே லோரோங் 3-ல் 191 வரிசை வீடுகள் இருந்தன. பலவற்றில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள். அந்த நிலம் 60 ஆண்டுக் குத்தகை. 2020 டிசம்பர் 31-ல் குத்தகை முடிந்ததும் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பியது. இழப்பீடு கிடையாது. ஆகவே வீட்டின் அழகைப் பார்க்குமுன் பட்டாவைப் பாருங்கள். நிலையான உரிமையா, குத்தகையா? குத்தகையென்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்?

மூன்றாவது, கணக்கு. மாத வாடகை ஆயிரம் வெள்ளி என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரு மாதம் ஆள் இல்லாமல் கிடக்கும். இன்னொரு மாத வாடகை வரிக்கும் குழாய், கூரை பழுதுக்கும் போய்விடும். சிங்கப்பூர் வருமான வரித் துறையே, குடியிருப்பு வீட்டு வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆகவே பத்து மாத வாடகையை மட்டும் வருமானமாக எண்ணுங்கள். வங்கித் தவணை அதற்குள் அடங்காவிட்டால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம்.

"பிள்ளை சிங்கப்பூரில் வேலை செய்கிறான், அங்கேயே வாங்கலாமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் 27 முதல், அங்கே வீடு வாங்கும் மலேசியர் போன்ற அயல்நாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. பத்து லட்சம் வெள்ளி வீட்டுக்கு வரி மட்டும் ஆறு லட்சம்! வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளை அயல்நாட்டவர் வாங்கவே முடியாது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? சிங்கப்பூர்த் தொழிலாளிகள் தொடங்கிய இடத்தில்தான். அங்கே 1964-ல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது. 1968 முதல் சேமநிதிப் பணத்திலிருந்தே தவணை கட்ட வழி பிறந்தது. முதலில் குடியிருக்க ஒரு வீடு. பிறகு, அனுமதி பெற்று அதில் ஓர் அறையை வாடகைக்கு விடுவது. இன்றும் பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. வாடகைக்காரர் போய்விட்டாலும் தலைக்கு மேல் கூரை மிஞ்சும்.

நாமும் அப்படியே செய்வோம். முதல் வீடு நாம் குடியிருக்க; இரண்டாவது வீட்டைப் பற்றி, முதல் வீட்டின் கடன் தீர்ந்தபின் யோசிக்கலாம். வாடகைக்காரர் வந்தால் முன்பணத்துக்கு ரசீதும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் கட்டாயம் வையுங்கள். சொந்தக்காரராய் இருந்தாலும் இதில் தயக்கம் வேண்டாம். உறவும் கெடாது, பணமும் கெடாது.